மூடுபனி கேட்ட டிரைவர்

நவம்பர் பிறந்துவிட்டால் ஆல்டர் கிரீன் ரயில் எஞ்சின் ஷெட்டில் மூடுபனியைத் திட்டாத வாய் கிடையாது, ஹோரஸ் ஸ்டெப்பிங்கின் வாயைத் தவிர. காலையில் கதவைத் திறந்து பார்ப்பார். எதிர்வீட்டு வேலி தெரியவில்லை என்றால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். லண்டன் பனி பார்க்க அழகான வெள்ளைப் பனி அல்ல. ஊரில் உள்ள அத்தனை அடுப்புகளின் புகையும் சேர்ந்து மஞ்சளாக இறங்கித் தொண்டையை அறுக்கும் பனி. அதில் மற்ற டிரைவர்கள் வண்டியை உருட்டி உருட்டி ஒரு மணி நேரம் தாமதமாக நகரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஸ்டெப்பிங்கின் ஏழு நாற்பது ரயில் மட்டும் நாலைந்து நிமிடத் தாமதத்தில் போய் நின்றுவிடும்.

"அந்த ஆளுக்குப் பூனைக் கண்ணுப்பா. இருட்டுலயும் எலி தெரியும்" என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் நேர் எதிரானது. ஸ்டெப்பிங்குக்கு நாலடிக்கு அப்பால் எதுவும் உருப்படியாகத் தெரியாது. பனி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மற்ற டிரைவர்கள் வருடத்தில் பத்து நாள் பட்ட அவஸ்தையை அவர் தினமும் பட்டுப் பழகியிருந்தார். இது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், அவர் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் பெர்சி லுட்கின், மனைவி மார்த்தா. நான்காவதாக ஒருவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட்டால் செத்துப்போவோம் என்று ஸ்டெப்பிங் நினைத்தார். நான் மிகைப்படுத்தவில்லை, அவர் அப்படியேதான் நினைத்தார்.

பதினாறு வயதில் எண்ணெய்த் துணியோடு அந்த ஷெட்டுக்குள் நுழைந்தவர். ஆறு வருடம் எஞ்சின் துடைத்தார். பதினைந்து வருடம் கரி அள்ளிப் போட்டார். முப்பத்தேழாவது வயதில்தான் டிரைவர். அந்த உலகத்தில் மேலே இருப்பவர் சாக வேண்டும், இல்லை ஓய்வு பெற வேண்டும், இல்லை அவருக்குக் கண் போக வேண்டும். அப்போதுதான் கீழே காத்திருப்பவருக்கு இடம். ஸ்டெப்பிங்குக்கு இடம் கிடைத்தது சைலஸ் வார்ட் என்பவருக்குக் கண் போனதால். வார்டைச் சாம்பல் குழி கூட்டச் சொன்னார்கள். நேற்றுவரை தன் கைக்குக் கட்டுப்பட்ட எஞ்சினுக்கு அடியில் நின்று அதன் சாம்பலை அள்ளினார் அந்த மனிதர். பத்து மாதத்தில் செத்துப்போனார். வைத்தியர் ஏதோ நெஞ்சு நோய் என்றார். ஷெட்டில் ஒருவரும் அதை நம்பவில்லை.

ஸ்டெப்பிங் டிரைவரான அதே வருடம்தான் அந்தப் புது ரக டேங்க் எஞ்சின்கள் வந்தன. நாற்பது எஞ்சின்கள், எல்லாம் ஒரே அச்சு, புறநகர்ப் பயணிகள் வண்டிக்கென்றே செய்தவை. பின்னால் தனிக் கரிவண்டி கிடையாது. பாய்லரின் இரண்டு விலாவிலும் தண்ணீர்த் தொட்டி, முதுகுப்புறம் கரிப்பெட்டி. குட்டையாகத் தோள் அகன்று நிற்கும். பதினான்கு ஸ்டேஷனில் நின்று நின்று போகும் வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான எஞ்சின் இருந்ததில்லை. நின்ற இடத்திலிருந்து மூச்சுப் பிடித்துக் கிளம்பினால் பிளாட்பாரம் முடிவதற்குள் ஓட்டமெடுத்துவிடும். ஸ்டெப்பிங்குக்குக் கிடைத்தது எண் அறுநூற்று எழுபத்தொன்று. மார்த்தாவின் பிறந்தநாளை மறந்திருக்கிறார். அந்த எஞ்சின் ஷெட்டுக்கு வந்த தேதியை மறந்ததில்லை.

நகரத்து ஸ்டேஷனில் எஞ்சினைத் திருப்பிப் போட இடமில்லை. இவற்றைத் திருப்பவும் வேண்டியதில்லை, போகும்போது புகைபோக்கி முன்னால், வரும்போது கரிப்பெட்டி முன்னால். ரயில்வே கம்பெனிப் பெரியவர்கள் அதைத் தங்கள் சாமர்த்தியமென்று விருந்து வைத்துக் கொண்டாடினார்கள். கரிப்பெட்டி முன்னால் ஓடும்போது அதிலிருந்து பறக்கும் தூள் எங்கே போகும் என்று அந்த விருந்தில் யாரும் கேட்கவில்லை. அது டிரைவரின் கண்ணுக்குள் போனது. ஒரு நாளைக்கு நாலு தடவை, பதினேழு வருடம். சாயங்காலம் ஸ்டெப்பிங் வீட்டுக்கு வந்து விளக்கடியில் உட்காருவார். மார்த்தா கைக்குட்டை நுனியை நாக்கில் நனைத்து அவர் கண்ணிலிருந்து கரித்துகள் எடுப்பாள். கடைசியில் எடுக்க ஒன்றும் இல்லாமலே கண் மங்கியது. பால் ஆடைபோல் ஒரு படலம்.

மார்த்தாவுக்கு அது தெரியவந்தது தோட்டத்தில். களை எடுக்கப் போனவர், களையை விட்டுவிட்டு ஒரு வரிசை வெங்காயத்தாளைப் பிடுங்கிக் குவித்து வைத்திருந்தார். அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு?"

"களை."

அன்றைக்குச் சூப்பில் அந்த வெங்காயத்தாளைத்தான் போட்டாள்.

ஐம்பது வயதானால் கம்பெனி வைத்தியரிடம் கண் பரிசோதனை உண்டு. பதினைந்து அடி தள்ளி நின்று அவர் ஒரு அட்டையைக் காட்டுவார், அதில் எத்தனை புள்ளி என்று சொல்ல வேண்டும். காலையில் பரிசோதனைக்குப் போய் வந்தவர்களிடம் பெர்சி பேச்சுக் கொடுத்து அட்டைகளின் வரிசையைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். முப்பத்தைந்து வயது, நாலு குழந்தைகளுக்குத் தகப்பன், நாக்கில் எப்போதும் ஒரு நக்கல். பன்றிக்கறித் துண்டுகளைக் கரி அள்ளும் சட்டியில் போட்டு உலைவாயில் வாட்டிக்கொண்டே ஸ்டெப்பிங்குக்குப் பாடம் எடுத்தான்.

"ஏழு, நாலு, ஒம்பது, அஞ்சு. திருப்பிச் சொல்லுங்கண்ணே."

"ஏழு, நாலு, ஒம்பது, அஞ்சு. அந்த ஆளு வரிசைய மாத்திட்டா?"

"மாத்த மாட்டான். உங்களுக்கு முன்னாடி பதினாறு பேரு. அவனுக்கும் பசிக்கும்ல."

வைத்தியர் மாற்றவில்லை. ஸ்டெப்பிங் தேறிவிட்டார். வெளியே வந்ததும் பெர்சியின் தோளைப் பிடித்துக்கொண்டார். தன்னைக் கீழே தள்ளினால் மேலே ஏறக்கூடிய வரிசையில் பெர்சியும் இருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். அவன் ஏற்கெனவே டிரைவர் பரீட்சை தேறிக் காத்திருப்பவன். இருந்தும் அவன் இதைச் செய்தான். ஏன் செய்தாய் என்று கேட்டால், "வேற டிரைவர்கிட்டப் போனா எனக்குப் பன்றிக்கறி வாட்ட விடமாட்டான்" என்பான்.

அதன் பிறகு இருவருக்கும் ஒரு முறை ஏற்பட்டது. டிரைவர் முதலில் சிக்னல் கைகாட்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஃபயர்மேன் ஆமோதிக்க வேண்டும் என்பது வழக்கம். இவர்கள் எஞ்சினில் அது தலைகீழானது. பெர்சி "கைகாட்டி இறங்கிடுச்சு" என்பான், ஸ்டெப்பிங் "இறங்கிடுச்சு" என்பார். மற்றதெல்லாம் அவர் காதும் காலும் பார்த்துக்கொண்டன. எந்தப் பாலத்தடியில் சத்தம் எப்படி எதிரொலிக்கும், எந்த வளைவில் காலடியில் தகடு எந்தப் பக்கம் சாயும், எத்தனை எண்ணிக்கைக்கு பிரேக் பிடித்தால் எந்த பிளாட்பாரத்தில் வண்டி அளவாக நிற்கும், எல்லாம் உடம்பில் ஊறியிருந்தது.

பனி நாளில் இன்னும் சுலபம். பனி நாளில் ரயில்பாதை காதோடு பேசும். ஒவ்வொரு கைகாட்டி அடியிலும் தண்டவாளக் கூலியாள் ஒருவர் கரி அடுப்போடு உட்கார்ந்திருப்பார். கைகாட்டி தடுத்திருந்தால் தண்டவாளத்தின் மேல் ஒரு பட்டாசைச் செருகி வைப்பார். சக்கரம் ஏறியதும் வெடிக்கும். வெடித்தால் நிற்க வேண்டும், வெடிக்காவிட்டால் போகலாம். ஆல்டர் கிரீனுக்கு வெளியே இருந்த கைகாட்டிக்கு ஜோசையா கெம்ப் என்ற கூலியாள் பல வருடமாகப் பனிக்காவல். வண்டி மெதுவாகக் கடக்கும்போது மஞ்சள் இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வரும்.

"ஸ்டெப்பிங்கா? போ போ, வழி விட்டாச்சு. இந்தப் பனியில உன் ஒருத்தன் வண்டிதான்யா நேரத்துக்கு வருது."

"அடுப்புல என்ன?"

"உருளைக்கிழங்கு. நின்னா தர்றேன்."

நின்றதே இல்லை. இரண்டு பேரும் குரலால் மட்டுமே பழக்கம்.

மார்த்தா இதையெல்லாம் ஏற்கவில்லை. பயந்துகொண்டே வாழ்ந்தாள். ஒருநாள் அவர் தட்டில் மீனை வைத்துவிட்டு, முள்ளையும் தானே எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க பின்னாடி இழுத்துட்டுப் போறது மாட்டுத்தீவனம் இல்ல. அறுநூறு பேரு."

"பெர்சி இருக்கான்ல."

"பெர்சிக்கு ஒருநாள் காய்ச்சல் வராதா?"

"அன்னைக்கு எனக்கும் காய்ச்சல்னு படுத்துடறேன், போதுமா? சாப்பிட விடு."

அது மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. அப்படிப்பட்ட நாளைத்தான் ஸ்டெப்பிங் வெறுத்தார். வெயில் நாளில் ரயில்பாதை வாயை மூடிக்கொள்ளும், எல்லாவற்றையும் கண்ணுக்குத்தான் காட்டும். ஷெட்டில் ஃபோர்மன் கிளாக்ஸ்டன் கையில் சீட்டோடு நின்றிருந்தார். இன்னொரு டிரைவர் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"லுட்கின், இன்னைக்கு நீ அந்த வண்டிய ஓட்டு. ஸ்டெப்பிங், உங்களுக்கு எட்வின் ஃபின்ச்."

ஃபின்ச் வேறு ஷெட்டிலிருந்து வந்தவன். நல்ல உழைப்பாளி, ஓயாமல் குதிரைப் பந்தயம் பேசுவான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பெர்சி ஸ்டெப்பிங்கைத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, வீட்டுக்குப் போயிடுங்க. வயித்து வலின்னு சொல்லுங்க."

"சொன்னா நேரா வைத்தியர்கிட்ட அனுப்புவாங்க. புது ஆளு வந்திருக்கான். வயிறு வலிக்குதுன்னாலும் புள்ளி அட்டையத்தான் முதல்ல எடுக்கறானாம்."

"எடுக்கட்டும்."

"ஒருநாள்தானே பெர்சி. பாதை எனக்கு மனப்பாடம்."

"பாதை மனப்பாடம். பாதையில நிக்கிற ஆளும் மனப்பாடமா?"

ஸ்டெப்பிங்குக்குச் சைலஸ் வார்ட் ஞாபகம் வந்தது, சாம்பல் குழியில் தலை மட்டும் தெரிய நின்ற வார்ட். அவர் எஞ்சினில் ஏறிவிட்டார். அந்த இடத்தில் அவரைப் பிடித்து இறக்க எனக்குக் கை துடிக்கிறது. அவரோ பெர்சி பார்க்கிறான் என்பதற்காகவே கொஞ்சம் விறைப்பாக ஏறினார்.

ஏழு நாற்பது பிரச்சினையில்லாமல் போனது. ஃபின்ச் தன் பக்கத்துக் கைகாட்டிகளைச் சொன்னான். ஸ்டெப்பிங் தன் பக்கத்தையும் அவனிடமே விட்டுவிட்டு, "நீ இந்தப் பாதைக்குப் புதுசு, எல்லாத்தையும் சத்தமாச் சொல்லிப் பழகு" என்றார். அவன் அதை நம்பினான். இரண்டாவது நடையும் போனது. நகரத்திலிருந்து பத்து இருபதுக்குத் திரும்பியபோது கரிப்பெட்டி முன்னால். பாம்பர்ஸ் லேன் ஸ்டேஷனுக்கு அப்பால் நீளமான நேர்ப்பாதை, இரண்டு பக்கமும் முள்வேலி. மே மாதம் வேலி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்டெப்பிங்குக்கு அது வெள்ளையும் பச்சையுமாக ஒரு ஓட்டம், அவ்வளவுதான். ஃபின்ச் குனிந்து கரி அள்ளிக்கொண்டிருந்தான்.

அன்று காலையில் அந்தப் பாதையில் ஓரிடத்தில் தண்டவாளம் அமுங்கியிருந்தது. கூலியாட்கள் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கல் இடித்துக்கொண்டிருந்தார்கள். அவசர வேலை என்பதால் டிரைவர்களுக்கு முன்கூட்டி நோட்டீஸ் வரவில்லை. வண்டி மெதுவாக வந்தால் போதும், ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஒதுங்க நேரம் இருக்கும். அதற்காக அரை மைல் தள்ளி ஒருவர் எச்சரிக்கைக் கொடியோடு நின்றார். வெளிச்சமான நாளில், மெதுவாகப் போகச் சொல்ல மட்டும் பட்டாசு வைக்கும் பழக்கமில்லை. கொடி போதும். கொடியோடு நின்றவர் ஜோசையா கெம்ப். ஸ்டெப்பிங்கின் பக்கத்தில்தான் நின்றார், பூத்த வேலிக்கு முன்னால்.

வண்டி குறையாத வேகத்தில் அவரைத் தாண்டிப் போனது. கெம்ப் கத்தினார். ஓடுகிற எஞ்சினில் எந்தக் கத்தல் கேட்கும்?

ஸ்டெப்பிங்குக்குக் கேட்டது ஒரு சத்தம் மட்டும்தான், கரிப்பெட்டிப் பக்கமிருந்து. பதினேழு வருடத்தில் அந்தப் பாதையில் அவர் கேட்டிராத சத்தம். அவர் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. நிமிர்ந்து வெளியே பார்த்த ஃபின்ச், பார்த்த இடத்திலேயே வாந்தி எடுத்தான்.

செத்தவர் ஐசக் டவ்வி. ஜாக்கியை எடுக்கக் குனிந்தவர். கெம்பின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி.

விசாரணை நாலு நாள் கழித்து, ஸ்டேஷனுக்கு எதிரே மதுக்கடை மாடியில் நடந்தது. கீழே பீர் ஊற்றும் சத்தம் மேலே கேட்டது. விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டிரைவர் ஸ்டெப்பிங், நீங்க கொடியைப் பார்த்தீங்களா?"

"இல்லைங்க ஐயா. எந்தக் கொடியும் என் கண்ணுல படல."

"நீங்க பாதையை கவனிச்சுக்கிட்டுதான் இருந்தீங்களா?"

"கவனிச்சுக்கிட்டுதான் இருந்தேன் ஐயா."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைத்து அவர் அந்தக் கணத்தில் ஆறுதல்கூடப் பட்டார் என்பது பின்னாளில் அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஃபின்ச் தான் கரி அள்ளிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். கிளாக்ஸ்டன் எழுந்து, மூடுபனியில்கூட நேரம் தவறாமல் வண்டி ஓட்டும் ஒரே டிரைவர் இவர்தான் என்றார். பெர்சியைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார்கள்.

"ஒம்போது வருஷமா இவர்கூட வேலை செய்யறீங்க. இவர் பார்வை எப்படி?"

பெர்சி தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"நல்லா இருக்குங்க ஐயா. ஒரு கைகாட்டியக்கூட விட்டதில்ல."

கடைசியாகக் கெம்ப். ஒரே கேள்வியை அவரிடம் நாலு விதமாகக் கேட்டார்கள்.

"காட்டினேன் ஐயா. உசத்திப் பிடிச்சேன்."

"அப்போ அவ்வளவு நல்ல பார்வை உள்ள டிரைவர், பட்டப்பகல்ல, பத்தடி பக்கத்துல, ஏன் அதைப் பார்க்கல?"

"அதுதான் ஐயா எனக்கும் தெரியல."

பனியில் பார்க்கிறவர் வெயிலில் பார்க்காமல் இருப்பாரா என்று எல்லோரும் நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கெம்ப் பூத்த வேலியோரம் அசந்து நின்றிருக்கிறார், கொடியை உயர்த்தவில்லை, அதனால் ஐசக் டவ்வி செத்தார் என்று எழுதி முடித்தார்கள். கம்பெனி கெம்பை வேலையிலிருந்து நீக்கியது. அவர் குடியிருந்த ரயில்வே வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னது.

மதுக்கடை வாசலில் பெர்சி ஸ்டெப்பிங்குக்காக நின்றிருந்தான்.

"நான் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேன். நீங்க உண்மையவே சொல்லிப் பொய் சொல்லிட்டீங்க. எது பெரிசுன்னு எனக்குத் தெரியல."

"பெர்சி, நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்டக் கேக்காதீங்கண்ணே. வேற எஞ்சினுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்."

வீட்டில் மார்த்தா மாமிசத்தை வெட்டிக் கொடுத்தாள், தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், தன் தட்டோடு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று வாரம் ஸ்டெப்பிங் வண்டி ஓட்டினார். யார் யாரோ ஃபயர்மேன்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் சத்தமாகச் சொல்லிப் பழகு என்றார். பாம்பர்ஸ் லேன் தாண்டியதும் யாருக்கும் தெரியாமல் வேகத்தைக் குறைப்பார். இரவெல்லாம் எஞ்சின் கனவு வந்துகொண்டிருந்தவருக்குக் கனவே வராமல் போனது.

ஜூன் மூன்றாவது வாரம், சாயங்காலம் ஆறு மணி. வேலை முடிந்து ஆல்டர் கிரீன் மேம்பாலப் படியடியில் வந்தபோது யாரோ கூப்பிட்டார்கள்.

"ஸ்டெப்பிங்கா?"

குரல் தெரிந்தது. முகம், கறுப்புக் கோட்டுக்கு மேலே வெளிறிய ஒரு வட்டமாகத் தெரிந்தது. காலடியில் ஒரு மூட்டை.

"கெம்ப்."

"ஆமா. ஆறு பத்துக்குப் போறேன். வடக்கே. துறைமுகத்துல தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான், மீன்கூடை தூக்கற வேலை கிடைக்கும்கறான். என் பொண்டாட்டி வரல. அவ எங்கிட்டப் பேசியே நாளாச்சு." அவர் நெருங்கி வந்தார். "உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லி இனி என்ன ஆகப்போகுது."

"கேளுங்க."

"நான் கொடியத் தூக்கினேனா?"

ஸ்டெப்பிங் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தூக்கினேன்னுதான் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். ஆனா எல்லாரும் இல்லங்கறாங்க. ராத்திரி உக்காந்து கையத் தூக்கித் தூக்கிப் பாக்கறேன். அன்னைக்கு இப்படித் தூக்கினேனா, இல்ல இப்பத் தூக்கறதத்தான் அன்னைக்குத் தூக்கினதா நெனச்சுக்கறேனான்னு புரியல. அந்தப் பூ வாசனை மட்டும் ஞாபகம் இருக்கு. நீ நேர்ல பார்த்தவன். சொல்லு. நான் தூக்கலியா?"

'எனக்குத் தெரியாது, எனக்குக் கண் தெரியாது, உன் முகமே எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவர் நெஞ்சில் அது முழுசாக வந்து நின்றது. வாயோ மதுக்கடை மாடியில் சொல்லிப் பழகியதையே சொன்னது.

"எந்தக் கொடியும் என் கண்ணுல படல, கெம்ப்."

கெம்ப் ஒருமுறை கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"அப்பத் தூக்கல" என்றார். பிறகு, "சரி. தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான். உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ நல்ல டிரைவர்."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார். ஸ்டெப்பிங் படியடியில் நின்றார். எத்தனை நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. ஒரு நிமிடம் இருக்கலாம். பிறகு, முப்பத்தெட்டு வருடம் பிடித்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டுத் திரும்பிப் படியேறி ஓடினார். அந்த நேரம் பார்த்து நகரத்திலிருந்து வந்த வண்டி பிளாட்பாரத்தில் ஆட்களைக் கொட்டியது. அறுநூறு பேர், எல்லாம் கறுப்புக் கோட்டு. எதிர்ப்பக்கம் ஆறு பத்து கிளம்பத் தயாராக நின்றது. அதன் எஞ்சின், அவர் எஞ்சினுக்குக் கூடப் பிறந்த ரகம்தான், நீராவி தாளாமல் காது கிழியப் பீச்சிக்கொண்டிருந்தது.

"கெம்ப்! தூக்கினே! நீ தூக்கினே!"

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கறுப்புக் கோட்டுகள் மேலே இடித்துக்கொண்டு போயின. பாலத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் இறங்கி, மூட்டைபோல் ஏதோ தூக்கிக்கொண்டு நின்ற ஒருவரின் கையைப் பிடித்தார்.

"கெம்ப், எனக்குக் கண்ணு தெரியாது. எனக்குத்தான் கண்ணு தெரியாது."

"ஐயா, நீங்க யாரைத் தேடறீங்க?" என்றான் யாரோ ஒரு இளைஞன்.

கார்டு விசில் ஊதினார். ஸ்டெப்பிங் பெட்டி பெட்டியாக ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினார். உள்ளே வெளிறிய வட்டங்கள், எல்லாம் ஒன்றுபோல. வண்டி எடுத்துவிட்டது. அந்த ரக எஞ்சின்கள் பிளாட்பாரம் முடிவதற்குள் ஓட்டமெடுத்துவிடும்.

மறுநாள் காலை கிளாக்ஸ்டன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பெர்சி பெயரை மட்டும் விட்டுவிட்டார். கிளாக்ஸ்டன் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கெம்ப் எங்க இப்ப?"

"தெரியாது. வடக்கே."

"எழுதி முடிச்ச விசாரணையத் திருப்பித் திறக்கச் சொல்லி நான் மேல போனா, என்னையும் சேத்து இறக்குவாங்க. ஆளும் ஊர்ல இல்ல. யாருக்காக ஸ்டெப்பிங் இப்ப வந்து சொல்றீங்க?"

உடல்நலம் குன்றியதாக ஒரு காகிதம் எழுதி, ஸ்டெப்பிங்கை எஞ்சினிலிருந்து இறக்கினார்கள். சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலை வறுக்கும் அடுப்படியில் உட்காரவைத்தார்கள். செத்துப்போவோம் என்று அவர் நினைத்தது நடக்கவில்லை. பதினோரு வருடம் மணல் வறுத்தார். அறுநூற்று எழுபத்தொன்று வெளியே போவதும் வருவதும் சத்தத்தில் தெரியும். அதை இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. பெர்சி என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

மார்த்தா வடக்கே இருந்த எட்டுத் துறைமுக ஊர்களுக்கு எட்டுக் கடிதம் எழுதினாள், அவர் சொல்லச் சொல்ல. ஆறு கடிதம் அப்படி யாருமில்லை என்று திரும்பி வந்தன. இரண்டு வரவில்லை. அந்த இரண்டில் ஒன்று போய்ச் சேர்ந்திருக்கும் என்று முதல் வருடம் பேசிக்கொண்டார்கள், பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். கெம்ப் ஏதோ ஒரு துறைமுகத்தில் மீன்கூடை தூக்கிக்கொண்டு, தன் மைத்துனனைத் தானே கொன்றதாக நம்பிக்கொண்டிருந்தார்.